ஆஸ்திரேலிய மண்ணின் உணவுச் செடிகள்: கடைக்கு வந்தவையும் வராதவையும்

சிட்னியிலோ மெல்பர்னிலோ உள்ள எந்தப் பேரங்காடியிலும் லெமன் மிர்ட்டில் இலை கலந்த தேயிலைப் பொட்டலம் இன்று எளிதாகக் கிடைக்கும். மக்கடாமியாக் கொட்டை உலகெங்கும் விற்கிறது. விரல் வடிவ எலுமிச்சை வகையான ஃபிங்கர் லைம் பழத்தின் முத்துகளை விலையுயர்ந்த உணவகங்கள் மீன் துண்டின் மேல் தூவிப் பரிமாறுகின்றன. ஆனால், அந்தக் கண்டத்தின் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக உண்டுவந்த கீரை, கிழங்கு, கனி, விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்க, வணிகப்பயிராக ஓரளவு நிலைபெற்றவை ஒரு டஜன் சொச்சமே. இந்தத் தேர்வு எப்படி நடந்தது என்று பார்த்தால், சுவையோ சத்தோ அதைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. சமைப்பவரிடம் எந்த முன்னறிவையும் கேட்காத செடிகள் முதலில் உள்ளே வந்தன. பக்குவம் தெரிந்தால்தான் உணவாகும் செடிகள், அந்தப் பக்குவத்தை அறிந்த மக்களோடு சேர்த்து, வெளியே நிறுத்தப்பட்டன.

எளிதில் வந்தவற்றுள் முதலிடம் லெமன் மிர்ட்டிலுக்கே. குயின்ஸ்லாந்தின் மழைக்காடுகளில் இருபது மீட்டர் வரை வளரக்கூடிய இம்மரத்தின் இலையைக் கசக்கினால், எலுமிச்சைத் தோலைவிடத் தெளிவான எலுமிச்சை மணம் எழும். காரணம் சிட்ரால் என்னும் வேதிப்பொருள். எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் இது ஒரு சில விழுக்காடே இருக்கிறது, எலுமிச்சைப் புல்லின் எண்ணெயில் முக்கால் பங்கு அளவில் இருக்கிறது, லெமன் மிர்ட்டில் எண்ணெயிலோ தொண்ணூறு விழுக்காட்டையும் தாண்டுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எலுமிச்சைச் சாரத்துக்குப் பதிலாக ஆஸ்திரேலியக் குளிர்பானத் தயாரிப்பில் இந்த எண்ணெய் பயன்பட்டது. முறையான தோட்டப்பயிரானது மிகவும் பிந்தி, 1990களில்தான். இன்று ஆஸ்திரேலியாவுக்கு வெளியே சீனா, மலேசியா ஆகிய நாடுகளிலும் இதைப் பயிரிடுகிறார்கள்.

சமையலில் இந்த இலையின் உண்மையான பயன், அதில் மணம் மட்டும் இருந்து புளிப்பு இல்லாததுதான். பாலில் எலுமிச்சை பிழிந்தால் பால் திரிந்துவிடும். இந்த இலையைப் பாலில் ஊறவிட்டு வடித்தால், பால் கெடாமல் எலுமிச்சை மணம் மட்டும் இறங்கும். அதனால்தான் பாலாடைக்கட்டி கேக், பனிக்கூழ், பிஸ்கட் ஆகியவற்றில் அது முதலில் இடம்பிடித்தது. பாயசத்துக்கும் அது பொருந்தும். ரசத்தில் சேர்ப்பதானால், புளியையோ எலுமிச்சையையோ குறைக்க முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் புளிப்பை அந்த இலை தராது. இறக்கும் நேரத்தில் இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டு மூடிவைப்பதே சரியான முறை. நெடுநேரம் கொதித்தால் சிட்ரால் ஆவியாகிப் போய்விடும், அளவு மிகுந்தால் சோப்பின் வாடை வந்து உணவையே கெடுத்துவிடும். இலைப்பொடியை வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை இந்த இரண்டாவதுதான். கால் தேக்கரண்டிக்கு மேல் போட வேண்டிய வீட்டுச் சமையல் அரிது.

லெமன் மிர்ட்டிலைப் போலவே மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்த அனிசீட் மிர்ட்டில், நியூ சவுத் வேல்ஸின் பெலிஞ்சன், நம்பக்கா பள்ளத்தாக்குகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதன் இலையில் சோம்பின் மணத்துக்குக் காரணமான அனெத்தோல் நிறைந்திருக்கிறது. இது சிசிஜியம் பேரினத்தைச் சேர்ந்தது. நாம் அறிந்த நாவலும் கிராம்பும் அதே பேரினத்தவையே. சிட்னிப் புறநகர் வீடுகளில் வேலியாக வெட்டிவிடப்படும் லில்லி பில்லியும், ரைபெரி என்னும் சிறு செந்நிறக் கனியும் இந்த உறவுக்குள் அடங்கும். ரைபெரியைக் கடித்தால் கிராம்பின் காரநெடி தெரிவது இந்த உறவை நினைவூட்டும். வேலிச் செடியின் பழம் உண்ணத்தக்கது என்பதை அறியாமல் ஆண்டுதோறும் அதை நடைபாதையிலிருந்து பெருக்கித் தள்ளும் வீடுகள்தான் இன்றும் மிகுதி.

மக்கடாமியாவின் கதை வேறு வகை. குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் உள்ள மழைக்காடுகளே அதன் தாயகம். 1850களின் பிற்பகுதியில் தாவரவியலாளர் ஃபெர்டினண்ட் வான் முல்லர் தம் நண்பர் ஜான் மக்காடமின் பெயரை அதற்குச் சூட்டினார். 1880களின் தொடக்கத்தில் விதைகள் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகம் அதை ஹவாய்க் கொட்டை என்றே அறிந்திருந்தது. ஹவாயின் பயிர்வகைகள் பெரும்பாலும் குயின்ஸ்லாந்தின் கிம்பி நகருக்கு அருகிலுள்ள மிகச் சிறிய காட்டுப்பகுதி ஒன்றின் மரங்களிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வு 2019இல் காட்டியது. உலகச் சந்தையின் பெரும்பங்கு இவ்வளவு குறுகிய அடித்தளத்தின் மேல் நிற்க, காட்டில் எஞ்சியிருக்கும் மக்கடாமியா இனங்கள் அழியும் நிலை குறித்த பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. கொட்டையைக் கொண்டுபோனவர்களுக்கு, அதைத் தலைமுறைகளாக உண்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இருக்கவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஓட்டை உடைத்தால் போதும்.

உடைத்தால் மட்டும் போதாத உணவு எப்படிப்பட்டது என்பதற்கு 1861இல் நடந்தது சான்று. ராபர்ட் பர்க் தலைமையில், வில்லியம் வில்ஸைத் துணைத்தலைவராகக் கொண்டு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்த பயணக்குழு, திரும்பி வருகையில் கூப்பர் கிரீக் ஓடைக்கரையில் உணவின்றிச் சிக்கிக்கொண்டது. அங்கு வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் அவர்களுக்கு மீனும், நார்டூ என்னும் நீர்ப் பெரணியின் வித்துக்காய்களை அரைத்துச் செய்த அடையும் கொடுத்தார்கள். நார்டூ மார்சிலியா பேரினத்தைச் சேர்ந்தது. நம் வயல்வரப்பிலும் குளத்தோரத்திலும் நான்கு இலைகளோடு நிற்கும் ஆரைக்கீரையும் அதே பேரினம்தான். நாம் இலையை உண்கிறோம், அவர்கள் அடியிலுள்ள கடினமான வித்துக்காயை உண்டார்கள். உறவு முறிந்து, அந்த மக்களை பர்க் துப்பாக்கியால் சுட்டு விரட்டிய பின், பயணிகள் தாங்களாகவே நார்டூவைச் சேகரித்து அரைத்து வயிறு நிறைய உண்டார்கள். உண்டும் நாளுக்கு நாள் கால் தளர்ந்து போவதை வில்ஸ் தம் நாட்குறிப்பில் வியப்போடு பதிந்தார். ஜூன் இறுதியையொட்டி இருவரும் இறந்தார்கள். மூன்றாமவரான ஜான் கிங் யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்து, அவர்கள் உணவையே உண்டு, செப்டம்பரில் மீட்புக் குழு வரும்வரை உயிரோடிருந்தார்.

நார்டூவில் தயமினேஸ் என்னும் நொதி மிகுந்த அளவில் இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்து, பெரிபெரி நோய்க்கு நிகரான நிலையை உண்டாக்கும். 1994இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று, பயணிகளின் மரணத்தை இந்தக் கோணத்தில் விளக்கியது. அந்த மக்கள் வித்துக்காயை வறுத்து, நீர் விட்டு அரைத்து, கூழாக்கி உண்ட முறையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருந்தது. நீர் சேர்த்து அரைப்பது நொதியின் வீரியத்தைக் குறைத்தது. பயணிகளோ மாவை மட்டும் கண்டார்கள், முறையைக் காணவில்லை. பசி ஒரு காரணம், குளிர் ஒரு காரணம், மற்ற சத்துக் குறைபாடுகளும் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் ஒரே ஓடைக்கரையில் ஒரே செடியை உண்டு ஒரு தரப்பு தழைத்ததும் மற்றொரு தரப்பு வாடியதும் மறுக்க முடியாதவை.

கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைக்காமல் உண்டவருக்கு நாக்கும் தொண்டையும் சொல்லிக்கொடுக்கும் பாடம், அங்கே பல செடிகளுக்கு இன்னும் கடுமையான வடிவில் உண்டு. 1770இல் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட வடக்குக் கரையில், பனையைப் போலத் தோன்றும் சைக்கட் மரத்தின் விதைகளைத் தின்ற மாலுமிகள் கடுமையாக நோயுற்றதையும், அவற்றைத் தின்ற பன்றிகள் செத்ததையும் கப்பலில் சென்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த விதையைச் சீவி, நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறவைத்து, நஞ்சு கழிந்த பிறகே மாவாக்கி அடை சுடும் முறை பூர்வகுடிப் பெண்களின் கையில் இருந்தது. மழைக்காட்டுக் கருப்பு அவரையின் பெரிய விதைகளுக்கும் இதே வகையான நீண்ட ஊறல் தேவை. இவை இன்றும் எந்தக் கடையிலும் இல்லை. உற்பத்தியாளருக்கு அந்த உழைப்பு கட்டுப்படியாகாது, உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதற்கு எளிதில் இடந்தரா. அந்த முடிவில் நியாயமும் இருக்கிறது. வீட்டில் யாரும் இவற்றைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில், சிறிதளவு பக்குவம் மட்டும் கேட்கும் செடிகள் உள்ளன. வீட்டுத் தோட்டம் போடுவோர் தொடங்க வேண்டிய இடம் என் கருத்தில் இதுவே. வாரிகல் கீரை அவற்றில் முதன்மையானது. கடற்கரை மணலில் தானாகப் படரும் இதைக் குக்கின் குழுவினர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்க வேகவைத்து உண்டார்கள். பேங்க்ஸ் அதன் விதையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றதால், நியூசிலாந்துக் கீரை என்ற பெயரில் அது ஐரோப்பாவின் காய்கறித் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் தடித்த முக்கோண இலையின் மேல் மணிமணியாக மின்னும் நுண்ணிய குமிழ்கள் இருக்கும். மிகுந்தால் உடலுக்கு ஒவ்வாத ஆக்ஸலேட் என்னும் பொருள் அதில் மிகுதி. ஆகவே கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே சமைக்க வேண்டும். அதன் பிறகு பாசிப்பருப்போடு கூட்டாகவும் தேங்காய் சேர்த்துப் பொரியலாகவும் அது நன்றாக அமைகிறது, வெந்த பிறகும் பசலையைப் போலக் குழைந்து போவதில்லை. விதைக்கூடு கடினமாக இருப்பதால் ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். ஒருமுறை வேர்பிடித்தால் பிறகு அதை அடக்குவதுதான் வேலை.

பாலைநிலத்தின் புஷ் தக்காளி, பெயரில் தக்காளியாக இருந்தாலும், உருவிலும் பயனிலும் சுண்டைக்கு நெருங்கியது. இரண்டுமே சொலானம் பேரினத்தவை. மத்திய ஆஸ்திரேலியாவில் அதன் கனிகள் செடியிலேயே காய்ந்து உலர்திராட்சை அளவுக்குச் சுருங்கிய பிறகே பறிக்கப்படுகின்றன. காயாக இருக்கும்போது அதில் நஞ்சு உண்டு. காய்ந்த கனியின் பொடியில் புளிப்பும் கசப்பும் கருகிய சர்க்கரையின் சாயலும் சேர்ந்திருக்கும். வத்தக்குழம்பின் சுவைக்குப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. அதே பாலைநிலத்தில் அதைப் போலவே தோன்றும் வேறு சொலானம் செடிகள் உண்டு, அவற்றுள் சில உண்ணத் தகாதவை. ஆகவே காட்டில் பறிக்கும் வேலையை அறிந்தவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

வாட்டில் என்று அங்கே அழைக்கப்படும் அகேசியா மரங்களின் விதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆஸ்திரேலியாவில் அகேசியா இனங்கள் ஏறக்குறைய ஆயிரம் உள்ளன. உணவுக்கு ஏற்றவையென உறுதியாக அறியப்பட்டவை அவற்றுள் ஒரு சிறு பகுதிதான். வறுத்து அரைத்த விதைப்பொடியில் காப்பியும் கொக்கோவும் கலந்த மணம் வரும், புரதமும் கணிசமாக உண்டு. வறுப்பதே இங்கே முதன்மையான பக்குவம். நீலகிரி மலையில் தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்டு, இன்று சோலைக்காட்டையும் புல்வெளியையும் ஆக்கிரமித்து நிற்கும் சீகை மரமும் ஓர் ஆஸ்திரேலிய அகேசியாதான். ஆனால் உணவுக்கான இனம் அது இல்லை. உதகையில் விதை பொறுக்கி வறுத்துப் பார்க்க யாரும் முனைய வேண்டாம்.

டாஸ்மேனியாவின் மலை மிளகு இன்னொரு வகையில் சமைப்பவரை ஏமாற்றும். அதன் கனியை வாயிலிட்டால் முதலில் இனிப்பு, பிறகு மெல்ல ஏறி நாக்கை மரத்துப்போகச் செய்யும் காரம். பாலிகோடியல் என்னும் பொருள் தரும் அந்தக் காரம் நெடுநேரம் கொதித்தால் குறைந்துவிடும். நம் மிளகைப் போல முதலிலேயே தாளித்துவிட்டால் காரம் போய், ஊதா நிறம் மட்டும் குழம்பில் மிஞ்சும்.

வளர்ப்பு என்று வரும்போது, இந்தச் செடிகள் மண்ணின் பக்கத்திலிருந்து ஓர் அறிவைக் கேட்கின்றன. ஆஸ்திரேலிய மண் மிகப் பழையது, நெடுங்காலம் மழையில் கரைந்து பாஸ்பரஸ் வற்றியது. மக்கடாமியா சார்ந்த புரோட்டியேசி குடும்பத்துச் செடிகள், அந்த வறுமைக்கேற்ப, கொத்துக் கொத்தான நுண்வேர்களை விட்டுக் கிடைக்கும் சிறிதளவு பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்ளும்படி அமைந்தவை. அத்தகைய செடியின் அடியில் பாஸ்பரஸ் மிகுந்த கோழி எருவையோ எலும்புத்தூளையோ அள்ளிப் போட்டால், தேவைக்கு மேல் உறிஞ்சி இலை வெளுத்து வாடும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் செய்யும் உபசாரத்தை இவற்றுக்குச் செய்யக் கூடாது. ஃபிங்கர் லைம் இதற்கு மாறானது. அது எலுமிச்சைக் குலத்தது, ஆதலால் உரத்தையும் நீரையும் விரும்பும். விதையிலிருந்து வளர்த்தால் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒட்டுச்செடியே வாங்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரைக் கிள்ளிவிடுவது கட்டாயம், இல்லாவிட்டால் ஒட்டிய கிளையை அடிமரத்தின் தளிர்கள் மூடிவிடும். மலை மிளகில் ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு, அதனால் கனி வேண்டுமானால் இரண்டையும் நட வேண்டும். குவாண்டாங் என்னும் பாலைநிலச் செங்கனி மரம் நம் சந்தன மரத்தின் நெருங்கிய உறவு. சந்தனத்தைப் போலவே அதுவும் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைச் செருகி உணவில் ஒரு பகுதியைப் பெறுவது. அதைத் தனியாகத் தொட்டியில் நட்டுப் பார்த்துக் காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள்.

2010ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸின் மத்தியக் கடற்கரைப் பகுதியில் கண்டறியப்பட்ட மிர்ட்டில் துரு நோய், இந்தத் துறையின் கணக்குகளையெல்லாம் மாற்றியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பூஞ்சை, மிர்ட்டேசி குடும்பத்துச் செடிகளின் இளந்தளிரில் மஞ்சள் பொடியாகப் படியும். லெமன் மிர்ட்டில் தோட்டக்காரர் விற்பது இலையை. இலையை வெட்டினால் புதுத்தளிர் வரும், புதுத்தளிரையே நோய் தேடும். பயிரின் இயல்பே அதன் பலவீனமாகிவிட்ட இந்த நிலையில், பூஞ்சைக்கொல்லி தெளித்தால் இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் போகும், தெளிக்காவிட்டால் விளைச்சல் போகும் என்ற இக்கட்டில் பலர் சிக்கினார்கள். காட்டிலோ, நம் நீலகிரித் தவிட்டுப்பழத்தின் உறவான உள்ளூர்க் கொய்யா, ஒருகாலத்தில் பரவலாக இருந்தது, பத்தாண்டுக்குள் அழிவின் விளிம்புக்குப் போயிற்று. வீட்டுத் தோட்டக்காரர் தளிரில் மஞ்சள் பொடியைக் கண்டால், அந்தக் கிளையைக் கையால் உலுக்காமல் பையால் மூடி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வித்துத்தூள் உடுப்போடு அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

இழப்பு நோயால் மட்டும் வந்ததில்லை. விக்டோரியாவின் புல்வெளிகளில் மஞ்சள் பூவோடு மண்டிக்கிடந்த மர்னாங் கிழங்கு, அங்குள்ள மக்களின் அன்றாட உணவாக இருந்தது. மண்ணடுப்பில் சுட்டால் இனிக்கும் அந்தக் கிழங்கைப் பெண்கள் சமவெளி முழுக்கப் பரவி நின்று கோல்களால் அகழ்ந்ததை, காலனி அரசின் பூர்வகுடிப் பாதுகாவலராக இருந்த ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் 1841இல் எழுதிவைத்தார். 1830களின் நடுவில் வந்திறங்கிய ஆட்டு மந்தைகள் முதலில் இலையையும், பிறகு மூக்கால் கிளறிக் கிழங்கையும் தின்றன. குளம்பு பட்டு மண் இறுகியது. சில ஆண்டுகளுக்குள் கிழங்கு அருகிப்போய், அதை நம்பியிருந்தவர்கள் பட்டினியை எதிர்கொண்டார்கள். அகழும்போது மண் பொலபொலப்பாகி, விடுபட்ட சிறு கிழங்குகள் அடுத்த பருவத்துக்கு முளைத்து வந்த ஒரு சுழற்சி அத்தோடு அறுந்தது. இன்று மெல்பர்னின் உள்ளூர்ச்செடி நாற்றங்கால்களில் மர்னாங் நாற்று கிடைக்கிறது. இறுகாத மண்ணும் நல்ல வெயிலும் இருந்தால் தொட்டியிலும் வளரும், நத்தைகளிடமிருந்து மட்டும் காக்க வேண்டும்.

குயின்ஸ்லாந்தின் புன்யா மரத்துக்கு ஒருகாலத்தில் சட்டப் பாதுகாப்பே இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகுதியாகக் காய்க்கும் அதன் கொட்டைகளுக்காகப் பல இன மக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்து கூடுவார்கள் என்பதால், 1842இல் ஆளுநர் கிப்ஸ் அந்த மரங்கள் நிறைந்த நிலத்தில் குடியேற்றத்தையும் மரம் வெட்டுவதையும் தடை செய்தார். 1860இல் அந்தத் தடை நீக்கப்பட்டது, கூடுகைகள் அந்நூற்றாண்டின் இறுதியையொட்டி ஓய்ந்தன.

இந்தப் பின்னணியில் பார்த்தால், இன்றைய சந்தையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வி தனியாக எழுப்ப வேண்டியதில்லை, தானாகவே எழும். பூர்வகுடி உணவுத் துறையின் வருவாயில் பூர்வகுடி மக்களின் பங்கு ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டாது என்பதே பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காக்கடு பிளம் இதில் ஒரு விதிவிலக்காகும் வாய்ப்புள்ளது. நம் கடுக்காய், தான்றிக்காய், மருது ஆகியவற்றின் பேரினமான டெர்மினேலியாவைச் சேர்ந்த இச்சிறு பச்சைக்கனியில், நூறு கிராமுக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் மில்லிகிராம் வரை வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் அது ஐம்பது அளவுதான். 1980களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபின் அழகுசாதன நிறுவனங்களின் கண் இதன்மேல் விழுந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று கனியின் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரியது, எதிர்ப்புக்குப் பின் ஆஸ்திரேலியாவில் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கனி இன்னும் பெரும்பாலும் வட ஆஸ்திரேலியக் காடுகளில் கையால்தான் பறிக்கப்படுகிறது, பறிக்கும் நிலமும் பெருமளவு பூர்வகுடிச் சமூகங்களின் உரிமையில் உள்ளது. அங்குள்ள சமூக நிறுவனங்கள் சில ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, தரத்தையும் விலையையும் தாமே பேசி முடிவு செய்யத் தொடங்கியிருக்கின்றன. இந்தக் கனியின் பொடியை வாங்குபவர், பொட்டலத்தில் பறித்த சமூகத்தின் பெயரோ நிலத்தின் பெயரோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பெயர் இல்லாத பொட்டலத்தின் விற்பனையாளரிடம் கேட்கலாம், பதில் சொல்லக்கூடிய விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.